பல்லுக்காரர் வீட்டு இரண்டு டப்பாக்கள்

பல்லுக்காரர் என்றதும் யாரிடமோ பல்லைக் காட்டிப் பிழைக்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் பல்லைச் செய்து பிழைக்கிறவர். சுற்றுவட்டாரத்துப் பல் டாக்டர்கள் நான்கு பேர் வாய் அச்சை எடுத்து அனுப்புவார்கள். அவர் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் வரிசை பார்த்து, ரோஸ் நிறத்தில் ஈறு கட்டி, பாலிஷ் போட்டு, முழுப் பல்செட்டாகத் திருப்பி அனுப்புவார். முப்பது வருஷமாக இதுதான் தொழில். அந்தப் பக்கத்தில் பாதிக் கிழவர்கள் சிரிப்பது அவர் தயவில்தான்.

ஆள் அடக்கமானவர். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கர்வம் உண்டு. பஸ்ஸில் எதிர் சீட்டில் யாராவது கொட்டாவி விட்டால் போதும், "அது நம்ம செட்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகச் சொல்லுவார். கண்ணை மூடிக்கொண்டு கையில் வாங்கினாலும் எந்த வருஷம் செய்தது, யாருக்குச் செய்தது என்று சொல்லிவிடுவாராம். இதைச் சொன்னது அவரேதான் என்பதால் கொஞ்சம் தள்ளுபடி போட்டுக் கேட்கலாம்.

கல்யாணம் கூடிவரவில்லை. பெண் பார்க்கப் போன இடங்களில் பெண்ணைப் பார்க்காமல் பெண்ணின் தாத்தா பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவருடைய அக்கா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். எப்படியோ, ஐம்பது வயது வரைக்கும் அப்பா, அம்மா, அவர் என்று மூன்று பேராகவே அந்த வீட்டில் காலம் ஓடிவிட்டது.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அவர்தான் பல்செட் செய்தார். அப்பாவுக்குச் செய்தபோது ஒரு ரகளை நடந்தது. "என் பல்லு வரிசையா எப்படா இருந்துச்சு? இந்தப் பக்கத்துக் கோரைப்பல் கொஞ்சம் கோணலாத்தான் இருக்கும். அப்படியே போடு. நேரா போட்டா கண்ணாடியில யாரோ மாதிரி இருக்கு" என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். நான்கு தடவை மெழுகை உருக்கிக் கோணலைச் சரியான கோணலாக்கியது அவர் தொழில் வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலை. அம்மாவுக்கு இந்தத் தொல்லை எல்லாம் இல்லை. சின்னச் சின்னதாக, அரிசி மாதிரி பல் வைத்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு அம்மா சிரித்தால் கீழ் உதடு கொஞ்சம் உள்ளே போகும்.

வாடிக்கைக்காரர்களின் செட்டில் உள்பக்கம் பெயரைப் பொடி எழுத்தில் பதித்துக் கொடுப்பது அவர் வழக்கம். அப்பா அம்மா செட்டில் மட்டும் பதிக்கவில்லை. சொந்த வீட்டுப் பல்லுக்குப் பெயர் எதற்கு, எனக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டார். இரண்டையும் ஊறப்போட ஒரே மாதிரி இரண்டு வெள்ளை டப்பா கொடுத்தார். பதினோரு வருஷம் ஒரு குழப்பமும் இல்லை.

அப்பா ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். முதல் நாளே மூச்சுக்குக் குழாய் வைக்க வேண்டும் என்று நர்ஸ் பல்செட்டைக் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டாள். அம்மா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி, டப்பாவில் போட்டு, குழாயடிக்கு மேலே இருந்த தட்டில் வைத்தாள். பத்தாவது நாள் விடியற்காலை, அம்மா வீட்டில் கொஞ்சம் கண்ணசந்திருந்த நேரம், அப்பா போய்விட்டார். பக்கத்தில் இருந்தது பல்லுக்காரர் மட்டும்தான்.

அழுவதற்குக்கூட நேரம் தராமல் நர்ஸ் வந்து தோளைத் தொட்டாள். "ஐயாவுக்குப் பல்செட் இருக்குதுல்ல? உடனே கொண்டு வந்துடுங்க. நேரம் போனா வாய் இறுகிடும். அப்புறம் வைக்க முடியாது."

இது அவருக்குத் தெரியாதா? அப்பாவின் முகத்தைப் பார்த்தார். கன்னம் இரண்டும் உள்ளே போய், வாய் ஒரு சுருக்குப்பையாகக் கிடந்தது. இப்படி நான்கு பேர் பார்க்க அப்பாவைக் கிடத்துவதா, பல்லுக்காரன் அப்பாவை? ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் அப்போதுதான் எழுந்து கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம், "அம்மா, அப்பா..." என்றார். அவ்வளவுதான் வந்தது. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் குழாயடிக்கு ஓடினார். கண்ணீரில் எதுவும் தெரியவில்லை. கைக்கு முதலில் அகப்பட்ட டப்பாவை எடுத்துக்கொண்டு வந்த வேகத்திலேயே திரும்பிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அவரே தன் கையால் அப்பாவுக்குப் பல்லை வைத்தார். கொஞ்சம் ஆட்டம் இருந்தது. ஒன்பது நாளில் உடம்பு வற்றிவிட்டது, ஈறும் வற்றியிருக்கும் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு, கொஞ்சம் பசை தடவி, உதட்டை இழுத்து மூடினார். முகம் திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து அழுதார்.

வெளியூரில் இருந்த அக்காவுக்குப் போன் செய்தபோது நம் ஆட்கள் எல்லாரும் செய்கிற அதே காரியத்தை அவரும் செய்தார். "அப்பா கொஞ்சம் சீரியஸா இருக்காரு, உடனே கிளம்பி வா" என்றார். அக்கா ஆறு மணி நேரம் ரயிலில் வேண்டாத சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டே வந்து, வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துத்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டாள். அதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். "சிரிச்ச முகமாவே போயிருக்காரு." இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தவர்கள், "ரொம்ப நாள் ஒண்ணா வாழ்ந்தா ஜாடை ஒண்ணாயிடும்னு சொல்வாங்க. பாருங்களேன், கடைசியில அந்தம்மா ஜாடையே வந்துடுச்சு" என்றார்கள். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பல்லுக்காரர் கால்மாட்டில் நின்று, அப்பாவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு அந்த நாளைத் தாண்டினார்.

மூன்றாம் நாள் காரியம் எல்லாம் முடிந்து உறவினர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அக்காவும் ஒரு வாரம் இருந்துவிட்டுக் கிளம்பினாள். அதற்குப் பிறகுதான் வீட்டில் உண்மையான கஷ்டம் தெரிய ஆரம்பித்தது. அப்பா போன நாளிலிருந்தே அம்மா பேசுவதை நிறுத்தியிருந்தாள். சாப்பிடுவதையும் கிட்டத்தட்ட நிறுத்தியிருந்தாள். பாலில் ரொட்டியை ஊறவைத்து, அதையும் யாரும் பார்க்காத நேரத்தில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து விழுங்குவாள். கூட உட்கார்ந்து சாப்பிடக் கூப்பிட்டால் மாட்டேன் என்று தலையை ஆட்டுவாள். ஏதாவது கேட்டால் "ம்" அல்லது "ஊஹும்". ஒரு காலத்தில் அந்த அம்மா வாயைத் திறந்தால் எதிர் வீட்டு வானொலியே தோற்றுப்போகும்.

அக்கா தினமும் போனில் பேசுவாள். "அம்மா உடைஞ்சு போயிட்டாடா. உனக்குப் புரியல. ஆம்பளை நீ, பட்டறையில உட்கார்ந்துட்டு இருப்ப, அவ தனியா சுவத்தைப் பார்த்துட்டு இருப்பா. உடம்பு பாதியாயிடுச்சு. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை டிக்கெட் எடுத்துட்டேன். நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"அம்மாவைக் கேட்டியா?"

"கேட்டா 'ம்'னா."

"என்கிட்ட 'ஊஹும்'னாளே."

"அவளுக்கு என்ன பேசறோம்னே தெரியலடா. அதுக்குத்தான் சொல்றேன்."

இன்னொரு விஷயமும் அக்கா சொன்னாள். அப்பா போன அன்று யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அப்பாவின் போனுக்குப் பூட்டு. திறக்கும் எண் அவர் தலைக்குள். யாருக்குச் சொல்வது, எந்தப் போட்டோ வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் அப்பாவுக்குப் பிடிக்கவே பிடிக்காத காபி நிறச் சட்டையைப் போட்டு அனுப்பினார்கள். "அம்மா விஷயத்துல அப்படி ஆகக் கூடாது. எல்லாத்தையும் முன்னாடியே கேட்டு எழுதி வெச்சுடணும். நான் கேள்வி எல்லாம் எழுதி அனுப்பறேன், நீ பக்குவமா கேளு."

எட்டுக் கேள்விகள் வந்தன. எட்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் பெற்றவளிடம் போய், அதுவும் சுவரைப் பார்த்துப் பாலும் ரொட்டியும் விழுங்குகிறவளிடம் போய், "அம்மா, நீ செத்தா எந்தப் புடவை?" என்று எந்தப் பிள்ளை கேட்பான்? ஒரு சாயங்காலம் தைரியத்தை எல்லாம் திரட்டி, "ஒரு பேச்சுக்குச் சொல்றேம்மா..." என்று ஆரம்பித்தார். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "...பால் இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்று முடித்தார்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில், அம்மா குழாயடியில் டப்பாவைக் கழுவித் தண்ணீர் மாற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். தினமும் மாற்றுகிறாள், ஆனால் வாயில் போட்டு அவர் பார்க்கவில்லை. இளைத்துப் போனதில் செட் ஆட்டம் கண்டு ஈறில் குத்துகிறதோ என்று அப்போதுதான் தொழில் புத்தி வேலை செய்தது. இத்தனை நாள் தோன்றவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

"குடும்மா. குத்துதா? உரசி சரி பண்ணித் தரேன், அஞ்சு நிமிஷம்."

அம்மா டப்பாவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்று வேகமாகத் தலையாட்டினாள். டப்பாவைத் தன் அறைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து எடுத்து வந்தார். அம்மாவிடம் திருடியது சின்ன வயதில் சர்க்கரைக்கு அப்புறம் இதுதான். பட்டறை விளக்கைப் போட்டு, டப்பாவைத் திறந்து, செட்டைக் கையில் எடுத்தார்.

அவர் அடித்துக்கொண்ட பெருமை பொய்யில்லை. பார்ப்பதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிட்டது. கனம் அதிகம். அகலம் அதிகம். விரல் தானாகவே அந்தப் பக்கத்துக் கோரைப்பல்லுக்குப் போனது. கோணல், நான்கு தடவை மெழுகை உருக்கி வைத்த அதே கோணல்.

அப்பாவுடையது.

அப்படியானால் அம்மாவுடையது எங்கே என்று ஒரு நிமிஷம் அப்பாவியாக யோசித்தார். அதற்குள் வந்தவர்கள் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாகக் காதில் விழ ஆரம்பித்தது. சிரித்த முகம். அம்மா ஜாடை. கொஞ்சம் ஆட்டம். பல்லுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஊருக்கெல்லாம் பல் செய்தவன், பெற்ற அப்பனைப் பெற்றவளின் பல்லோடு அனுப்பிவிட்டான். அப்பாவுக்குக் கடைசியாகச் செய்த ஒரே காரியம், அதுவும் தனக்குத் தெரிந்த ஒரே காரியம், அதிலும் தப்பு. அது மட்டுமா? மூன்று வாரமாக அம்மாவைப் பட்டினி போட்டதும் அவர்தான். துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று வீடே உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தபோது, பாவம், அவளுக்கு மெல்லப் பல் இல்லை. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்று சும்மாவா சொன்னார்கள். பேசினால் காற்றுதான் வருமென்று அவள் வாயையே மூடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அம்மாவுக்கு இது தெரிந்திருக்குமா? தன்னுடையது சேரவில்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறாளா? வயதானவள், துக்கத்தில் இருக்கிறவள், கவனித்திருக்க மாட்டாள் என்று ஒரு மனம் சொன்னது. சொல்லாமலே புதுச் செட் செய்து கொடுத்துவிடலாம் என்று அதே மனம் வழியும் சொன்னது. மனிதனுக்கு இந்த மாதிரி யோசனைகள் மட்டும் எங்கிருந்துதான் வருமோ. டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடாமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள், "உன் செட் பழசாயிடுச்சும்மா. லூஸாயிருக்கும். புதுசு ஒண்ணு பண்றேன்" என்றார்.

அம்மா கை ஜாடையில், எனக்கு எதற்கு, இன்னும் எத்தனை நாளைக்கு என்றாள்.

"அப்படின்னா ஞாயித்துக்கிழமை அக்காகூடக் கிளம்பு. அவ டிக்கெட் எடுத்துட்டா. நீ இப்படியே இருந்தா நான் எதைச் சொல்லி அவளைத் தடுக்கறது?"

அந்த வீட்டில் நாற்பத்தைந்து வருஷம் இருந்தவள் அம்மா. அப்பாவின் செருப்பு இன்னும் வாசலில் கிடந்தது, எடுக்கவிடவில்லை. கொஞ்ச நேரம் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து வந்து பட்டறை நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள்.

அச்சு எடுக்கும் பசையைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, வாய் அளவுள்ள சின்னத் தட்டில் நிரப்பி, வாய்க்குள் வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். இறுக மூன்று நிமிஷம் ஆகும். அந்த மூன்று நிமிஷமும் ஆடக் கூடாது, பேசக் கூடாது, மூக்கால்தான் மூச்சு. பல்லுக்காரர் தட்டை வைத்து, இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அம்மாவின் முகம் அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அம்மாவால் இப்போது ஒன்றும் சொல்ல முடியாது. திட்டக்கூட முடியாது. இதைவிட நல்ல நேரம் வராது என்று அவருக்குத் தோன்றியது.

"அம்மா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றார்.

அம்மா கண்ணை மட்டும் திருப்பினாள்.

"அன்னைக்கு டப்பாவை மாத்தி எடுத்துட்டேம்மா. அப்பாவுக்கு வெச்சது உன்னோடது. பார்க்காம எடுத்துட்டுப் போயிட்டேன். லூஸா இருந்துச்சு, அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும், உறைக்கல. ஊரான் பல்லுக்கெல்லாம் பேர் எழுதினவன் உங்க ரெண்டு பேருக்கும் எழுதல. அப்பாவைச் சரியா அனுப்ப எனக்குத் துப்பில்லாம போச்சு. உன்னையும் மூணு வாரமா பட்டினி போட்டுட்டேன்..."

அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "ம்ம்ம்! ம்ம்!" என்று ஏதோ சொல்லப் பார்த்தாள். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, ஆனாலும் முப்பது வருஷப் பழக்கம் விடுமா? "பேசாதம்மா, அச்சு கெட்டுடும்" என்றார்.

அச்சு கெட்டுத்தான் போயிருந்தது. தட்டை வெளியே எடுத்தபோது நடுவில் பெரிய மடிப்பு. அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு, மூன்று வாரத்தில் முதல் தடவையாக, காற்றும் சொல்லுமாக ஒரு வார்த்தை சொன்னாள்.

"தெரியும்டா."

பல்லுக்காரர் தட்டைக் கீழே வைத்தார்.

"நீ அப்படிப் போனதும் பல்லைப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம்னு டப்பாவைத் திறந்தேன். அப்பவே தெரிஞ்சு போச்சு. அந்தக் கோணப் பல்லு என்னைப் பார்த்து இளிக்குது."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா! மாத்தியிருக்கலாமே!"

"நான் வந்து சேர்ந்தப்போ அவரைச் சுத்திப் பத்துப் பேரு. நீ கால்மாட்டுல நிக்கற. உன் மூஞ்சியைப் பார்த்தேன். எல்லாம் போச்சு, அப்பா முகத்தையாவது சரியா வெச்சுட்டேன்னு அந்த ஒண்ணைப் புடிச்சுட்டு நிக்கற. அதைப் போய் நான் எப்படிடா புடுங்குவேன்? பத்துப் பேர் முன்னாடி திரும்பவும் அவர் வாயைத் திறக்கச் சொல்றதா?" அம்மா மூச்சு வாங்கிக்கொண்டாள். "உங்கக்காவுக்குத் தெரிஞ்சா உன்னை உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பா. உன் டாக்டருங்க காதுல விழுந்தா தொழில் என்னத்துக்கு ஆகும்?"

"அதுக்காக மூணு வாரம் பல்லைக் கடிச்சுட்டு இருந்தியா?"

"பல்லு ஏதுடா கடிக்க?" என்றாள் அம்மா.

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. அப்பா போனதிலிருந்து அவர்கள் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை. அதுவரைக்கும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அழுதுகொண்டிருந்தார்கள். அழுது முடித்து மூக்கைச் சிந்திய பிறகு அம்மா, "அழகாத்தான் இருந்தாரு. என் சிரிப்பு அவருக்கு நல்லாவே இருந்துச்சு" என்று ரகசியம் மாதிரி சொன்னாள்.

இரண்டாவது அச்சு சுத்தமாக வந்தது.

முழுச் செட் ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை. அச்சுக்குப் பிறகு மேலும் கீழும் எப்படிச் சேருகிறது என்று மெழுகில் கடி பார்க்க வேண்டும், பல்லை அடுக்கிப் போட்டுப் பார்க்க வேண்டும், பிறகுதான் முடிக்க வேண்டும். கடி பார்க்கிற அன்று அம்மா தானாகவே வந்து உட்கார்ந்து, "உங்கக்கா ஏதோ கேள்வி எழுதி அனுப்பியிருக்காளாமே" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ போனை மேசை மேல வெச்சுட்டுப் போவ. எனக்குப் பல்லுதான் இல்ல, கண்ணு இருக்கு. எடு, நோட்டை. கேளு."

கேட்பதற்கு அவருக்குத்தான் வாய் வரவில்லை. அதனால் அம்மாவே சொல்லிக்கொண்டு போனாள். முதலில், அக்காவுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். "அவகிட்ட சீரியஸ்னு கதை விடாதே. அம்மா போயிட்டான்னு சொல்லு. ஆறு மணி நேரம் அழுதுட்டே வரட்டும், அது பரவாயில்ல. நம்பிட்டு வர்றதுதான் கொடுமை." வருகிறவர்களை வெறும் வயிற்றோடு உட்கார வைக்கக் கூடாது. எதிர் வீட்டுக்காரர் எழுந்து பேச ஆரம்பித்தால் யாராவது தடுக்க வேண்டும். அப்பாவைப் பற்றிப் பேச வந்தவர் முக்கால் மணி நேரம் தன் மூட்டு வலியைப் பற்றிப் பேசினார். புடவை, அந்தக் கரை கிழிந்த பச்சைதான். "கிழிஞ்சதா?" என்றார் பல்லுக்காரர். "பழசுதான்டா உடம்புக்கு இதமா இருக்கும். யாரு கரையைப் பார்க்கப் போறாங்க?" போட்டோவுக்கு, அடையாள அட்டையில் இருப்பது வேண்டவே வேண்டாம், அதில் திருடியைப் பிடித்து நிறுத்தி வைத்த மாதிரி இருக்கிறது. அப்பாவைத் திட்டிக்கொண்டிருக்கும்போது அக்கா எடுத்த படம் ஒன்று உண்டு, அதை வைக்க வேண்டும்.

இத்தனையையும் ஏதோ வெளியூர்ப் பயணத்துக்குச் சாமான் கட்டுகிறவள் மாதிரி சொன்னாள். எழுத எழுத அவருக்கே பயம் கொஞ்சம் விட்டுப்போனது. சொல்லக் கூடாததைச் சொன்னால் நடந்துவிடும் என்று பயந்துதான் அப்பாவிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததால் அவர் போகாமல் இருந்தாரா என்ன? காபி நிறச் சட்டையில் போனார், அவ்வளவுதான் வித்தியாசம்.

போட்டுப் பார்க்கிற அன்று மெழுகுச் செட்டை வாயில் வைத்து, கையில் கண்ணாடியைக் கொடுத்தார். அம்மா சிரித்துப் பார்த்தாள். கீழ் உதடு உள்ளே போனது. அப்படியே கண்ணாடியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "கடைசியா இதை அவர் முகத்துலதானே பார்த்தேன்" என்றாள். அன்றைக்கு அதற்கு மேல் வேலை நடக்கவில்லை. அவர் பட்டறை விளக்கை அணைத்துவிட்டு, அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கையில் இரண்டு டிக்கெட்டோடு வந்து இறங்கியபோது, அம்மா ஹாலில் உட்கார்ந்து வறுத்த வேர்க்கடலையை ஒவ்வொன்றாகக் கடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

"வாடி. என்ன இப்படிக் கறுத்துப் போயிட்ட? ரயில்ல ஜன்னலோரம் உட்காராதன்னா கேக்கறியா? முதல்ல கை காலைக் கழுவு. அந்த டிக்கெட்டுல ஒண்ணைத் திருப்பிக் குடுத்துடு. நான் எங்கேயும் வரல. உன் வீட்டுக்கு வந்து உன் மாமியாரும் நானும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கவா?"

அக்கா பையைக் கீழே வைக்க மறந்து நின்றாள். பிறகு தம்பியைப் பார்த்து, "என்னடா பண்ண?" என்றாள்.

"செட் லூஸாயிருந்துச்சு. புதுசு பண்ணினேன்" என்றார் பல்லுக்காரர். அம்மா ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நோட்டை அக்கா முழுக்கப் படித்தாள். தன்னைப் பற்றிய வரி வந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்றாள். பிறகு முகம் கழுவப் போனாள். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தில் அம்மா பல்லுக்காரரைக் கிட்ட கூப்பிட்டாள். "இன்னொண்ணு இருக்கு. அவ முன்னாடி சொல்ல முடியாது."

"சொல்லு."

"அப்பாவோட டப்பாவைத் தூக்கிப் போட்டுடாதே. நான் போறப்போ என் வாயில இந்தப் புதுசை வெச்சுடு. அவரோடதை ஒரு துணியில சுத்தி என் கையில குடுத்துடு."

"எதுக்கும்மா?"

"என்னடா எதுக்குன்னு கேக்கற? கொண்டு போய்க் குடுக்க வேணாமா? என்னோடதை வெச்சுட்டு அங்க என்ன பாடு படறாரோ மனுஷன். அது அவர் வாய்க்கு எந்த மூலைக்கு?"

பல்லுக்காரர் தரையைப் பார்த்தார். "செய்யச் சொல்றேம்மா. வேற யாராவது செய்யட்டும். நான் வேண்டாம். எனக்கு இனிமே கை வராது."

"நீதான் வெக்கணும். வேற யார் கையும் என் வாய்க்குள்ள வரக் கூடாது."

"திரும்பவும் மாத்திட்டேன்னா?"

அம்மா அவர் கன்னத்தில் கையை வைத்தாள். விரலில் வேர்க்கடலைத் தோல் ஒட்டியிருந்தது.

"மாத்தினா மாத்திட்டுப் போடா. அங்க போய் நாங்களே மாத்திக்கிறோம்."